நாய் தொடர்ந்து வாந்தி எடுத்தால்: மாங்கொட்டை முதல் சிறுநீரகம் வரை

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அவர் வீட்டு ஆண் லாப்ரடாருக்கு ஐந்து வயது. கடந்த பன்னிரண்டு நாட்களாக ஒருநாள் விட்டு ஒருநாள் வாந்தி எடுக்கிறது. இடைப்பட்ட நாட்களில் வழக்கம்போலச் சாப்பிட்டு விளையாடவும் செய்கிறது. தெருமுனை மருந்துக் கடையில் வாங்கிய, மனிதர்களுக்கான வாந்தி மாத்திரையைக் கொடுத்தால் இரண்டு நாள் அடங்கி, பிறகு மீண்டும் தொடங்குகிறது. இதற்கு என்ன காரணம், மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டுமா என்பது அவர் கேள்வி.

காட்டத்தான் வேண்டும், அதுவும் நாளைக்குள். நாய்கள் எப்போதாவது வாந்தி எடுப்பது இயல்புதான். அவசரமாக விழுங்கியதையும், மொட்டை மாடியில் மேய்ந்த புல்லையும், எங்கோ பொறுக்கிய எச்சில் இலையையும் கக்கிவிட்டு, அடுத்த நிமிடமே வாலாட்டிக்கொண்டு வரும் நாயைக் கண்டு யாரும் பதறத் தேவையில்லை. ஆனால் நின்று நின்று திரும்பி வரும் வாந்தி வேறு வகையைச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் காரணம் அப்படியே இருக்கிறது, மாத்திரை அதன் குரலை மட்டும் அடக்கி வைத்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊரில் நாய்களுக்கு மருத்துவம் பார்த்துவரும் எனக்கு, வாந்தியோடு வரும் நாயைவிட, வாந்தி மாத்திரையில் பத்து நாள் கழித்துவிட்டு வரும் நாயைக் கண்டால்தான் கவலை அதிகம்.

முதலில், நாய் எடுப்பது வாந்திதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாந்தி வருமுன் நாய் அமைதியிழந்து நடக்கும், எச்சில் ஒழுகும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். பிறகு வயிற்றுத் தசைகள் குலுங்க ஓங்கரித்து வெளியே தள்ளும். எதுக்களித்தலில் இந்த முயற்சி எதுவும் இராது. தலையைக் குனிந்த மாத்திரத்தில், செரிக்காத உணவு குழாயிலிருந்து வழுக்கி வருவதுபோல் வந்து விழும். அப்படியானால் கோளாறு இரைப்பையில் இல்லை, உணவுக்குழாயில் இருக்கிறது. உணவுக்குழாய் தளர்ந்து விரிந்துபோவதும், சாண வண்டைத் தின்பதால் தொற்றும் ஸ்பைரோசெர்கா என்ற புழு அங்கே கட்டி கட்டியாக வளர்வதும் அதற்குக் காரணமாகலாம். மூன்றாவது ஒன்றும் உண்டு: இருமி இருமி, கடைசியில் வெள்ளை நுரையைத் துப்பும் நாயையும் வாந்தி என்று சொல்லி அழைத்து வருகிறார்கள். சொல்லிப் புரியவைப்பதைவிட, அடுத்த முறை நடக்கும்போது கைபேசியில் அரை நிமிடம் படம் பிடித்து வந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது உங்கள் நாய்க்கு வருவோம். லாப்ரடார், ஆண், ஐந்து வயது, மாம்பழக் காலம், விட்டு விட்டு வாந்தி என்று கேட்டவுடன் சென்னையில் மருத்துவம் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றுவது மாங்கொட்டைதான். சித்திரை பிறந்து பங்கனபள்ளி வண்டிகள் தெருவுக்கு வந்ததிலிருந்து ஆனி முடியும்வரை, சப்பிப் போட்ட கொட்டையைக் குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்து முழுதாக விழுங்கும் நாய்கள் ஏராளம். வழுக்கும் கொட்டை சிரமமின்றி உள்ளே இறங்கிவிடும்; ஆனால் இரைப்பையின் அடிவாயில் அதை எளிதில் வெளியே விடாது. அந்த வாயிலில் கொட்டை போய் அடைத்துக்கொள்ளும் நாளில் நாய் வாந்தி எடுக்கும், அது உருண்டு விலகிக்கொள்ளும் நாளில் நன்றாகச் சாப்பிடும். நீங்கள் சொல்லும் ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்ற கணக்குக்கு இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. இப்படி வாரக்கணக்கில், சில நாய்களில் மாதக்கணக்கில்கூட, கொட்டை இரைப்பையிலேயே கிடக்கும். நான் வெளியே எடுத்த ஒன்று தார் பூசியதுபோல் கறுத்து, நார் எல்லாம் உதிர்ந்து வழவழப்பாகியிருந்தது. அந்த வீட்டில் மாம்பழம் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. கொட்டை ஒருநாள் குடலுக்குள் இறங்கி இறுகச் சிக்கிக்கொண்டால் நிலைமை சில மணி நேரங்களில் மாறிவிடும்: குடல் சுவருக்கு இரத்த ஓட்டம் தடைபட்டு, அது அழுகி ஓட்டை விழும் அபாயம் உண்டு. மாங்கொட்டை எக்ஸ்ரேயில் எலும்பைப்போலத் தெளிவாகத் தெரியாது. ஆகவே எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டாலும், வயிற்று ஸ்கேனும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

மாங்கொட்டையோடு இந்தப் பட்டியல் முடிவதில்லை. கடற்கரையில் சுட்ட சோளம் தின்றுவிட்டு எறியும் தண்டு, ஆட்டுக் கறியின் முட்டி எலும்பு, குழந்தையின் காலுறை, ரப்பர் பந்தின் துண்டு என எதையெதையோ எடுத்திருக்கிறேன். இவற்றில் நான் மிகவும் அஞ்சுவது பூச்சரம் கட்டும் நூலை. இரவில் கழற்றிப் போட்ட மல்லிகைச் சரத்தை வாசனைக்காகவோ விளையாட்டாகவோ நாய் மென்று விழுங்கும். பூ செரித்துவிடும், நூல் செரிக்காது. மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு பொமரேனியன் நான்கு நாள் வாந்தியில் துவண்டிருந்தது. வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிப் பார்த்தபோது, நாக்கின் அடியில் வெண்ணிற நூல் ஒன்று சதையை அறுத்துக்கொண்டு சுற்றியிருந்தது; அதன் மறுமுனை குடல்வரை போயிருந்தது. நூலின் ஒருமுனை இப்படிச் சிக்கிக்கொண்டால், குடல் அதைக் கீழே தள்ளப் பார்த்துப் பார்த்து, நாடா கோத்த பாவாடையைப்போலச் சுருங்கி, கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். ஆகவே வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குவதைக் கண்டால் தயவுசெய்து இழுக்காதீர்கள்; இருக்கிறபடியே அழைத்து வாருங்கள்.

இங்கே அந்த மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டன்செட்ரான் என்ற வாந்தி மாத்திரை குமட்டலை அடக்குமே தவிர அடைப்பை நீக்காது. மருந்துக் கடைகளில் கேட்டவுடன் கொடுக்கும் பான்டோப்ரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த மாத்திரையும், மெட்டோகுளோபிரமைடு மருந்தும் இன்னொரு படி மேலே போகின்றன. அவற்றில் உள்ள டோம்பெரிடோனும் மெட்டோகுளோபிரமைடும் இரைப்பையையும் குடலையும் வேகமாக அசையத் தூண்டுபவை. அடைப்பு இருக்கும் குடலை இன்னும் முடுக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். நாய்களுக்கென்றே உள்ள மாரோபிடன்ட் நல்ல மருந்துதான் என்றாலும், அதையும் அடைப்பு இல்லை என்று பார்த்த பிறகே கொடுப்பது முறை.

அடுத்து வருவது ஞாயிற்றுக்கிழமை நோய். திங்கட்கிழமை காலையில் வரும் வாந்தி நாய்களின் உரிமையாளர்களிடம் நான் முதலில் கேட்பது “நேற்று வீட்டில் என்ன சமையல்?” என்பதுதான். பிரியாணியின் அடிமசாலா, ஆட்டுக் கொழுப்பு, கோழித் தோல், பொரித்த எண்ணெய் எனக் கொழுப்பு மிகுந்த உணவு திடீரென உள்ளே போகும்போது, சில நாய்களுக்குக் கணையம் வீங்கிவிடுகிறது. பருத்த நாய்களுக்கு இது எளிதில் வரும். அடுக்கடுக்கான வாந்தியோடு வயிற்று வலியும் இருக்கும். முன்னங்கால்களை நீட்டித் தரையில் பதித்து, பின்பக்கத்தைத் தூக்கியபடி, தண்டனிடுவதுபோல் நாய் நின்றால் அது விளையாட அழைக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். இதற்கு ட்ரிப்ஸும் வலி மருந்தும் சில நாள் மருத்துவமனைக் கவனிப்பும் தேவைப்படும். ‘ஒரு வாய்தானே கொடுத்தோம்’ என்பார்கள். வீட்டில் ஐந்து பேர் இருந்தால் நாய்க்கு ஐந்து வாய்.

நம் சமையலறையில் உள்ள வேறு சிலவும் கணக்கில் வரும். திராட்சையும், பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. அதற்குக் காரணமாகக் கருதப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் நிறைய இருப்பதால், புளி உருண்டையைத் தின்ற நாயையும் அதே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். முதல் நாள் வாந்தி மட்டுமே இருக்கும். சிறுநீர் குறைவது ஓரிரு நாள் கழித்துத்தான் தெரியவரும். சாக்லேட்டும், சர்க்கரைக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்த்த சூயிங்கமும் அவசர நிலையே.

எலி மருந்தைத் தனியாகச் சொல்கிறேன். ஜிங்க் பாஸ்பைடு வகை எலி மருந்து இரைப்பை அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடித்தால், குனிந்து முகர்ந்து பார்க்காதீர்கள். அது உங்களையும் தாக்கும். காரில் அழைத்துச் செல்லும்போது கண்ணாடிகளை இறக்கிவிடுங்கள். வயிற்றில் அமிலச் சுரப்பைத் தூண்டிவிடும் என்பதால் உணவு எதையும் ஊட்டாதீர்கள். மருந்து டப்பா கிடைத்தால், பையில் கட்டிக் கையோடு கொண்டுவாருங்கள். நாயை வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புக் கரைசலைப் புகட்டுவது பலர் வீட்டில் நடக்கிறது. அது உடலின் சோடியத்தை ஏற்றி, வலிப்பையும் மரணத்தையும் வரவழைக்கக்கூடியது.

மனிதர்களுக்கான வலி மாத்திரைகளும் இதே வரிசையில்தான் வரும். நொண்டும் நாய்க்கு அரை டைக்ளோஃபெனாக் மாத்திரையோ ஐப்யூபுரூஃபனோ கொடுத்து, இரண்டாம் நாள் காப்பித்தூள் கலந்ததுபோன்ற வாந்தியோடு அழைத்து வருகிறார்கள். அந்தத் தூள் செரித்த இரத்தம். இரைப்பையில் புண் விழுந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாலும் வாந்தி வரலாம். சென்னையில் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் எழுதாத நாளே இல்லை. அதை வெறும் வயிற்றில் கொடுத்தால் பல நாய்கள் வாந்தி எடுக்கும். சோற்றோடு கொடுத்தாலே பாதிப் பேருக்குச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

குட்டிகள் விஷயத்தில் மேலே சொன்ன நிதானம் எதற்கும் இடமில்லை. தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, உண்ண மறுத்து, துர்நாற்றத்தோடு இரத்தம் கலந்து கழிந்தால், வேறு ஒன்று என்று நிரூபணமாகும்வரை அதைப் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றே கொள்ள வேண்டும். 1970களின் இறுதியில் உலகெங்கும் பரவிய இந்தக் கிருமி, இந்தியாவில் 1980களின் தொடக்கத்திலேயே சென்னையில் கண்டறியப்பட்டது, இன்றும் ஓயவில்லை. கிருமி புகுந்து மூன்று முதல் ஏழு நாட்களில் நோய் தெரியும். கழிச்சல் தொடங்குவதற்கு ஒருநாள் முன்பே வாந்தி தொடங்கிவிடுவதால், ‘வாந்திதானே’ என்று காத்திருக்கும் அந்த ஒரு நாளில் குட்டியின் உடம்பில் நீர் வற்றிவிடுகிறது. வீட்டை வெறும் பினாயிலால் துடைத்தால் இந்தக் கிருமி சாகாது. ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் என்று கலந்து துடைக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியும், பிறகு பதினாறு வாரம்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகளும் போட்ட குட்டிகள் இந்த வரிசையில் வந்து நிற்பது அரிது.

மழைக்காலத்தில் தேடவேண்டிய காரணம் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் அளவு நிற்கும் நீரில் எலியின் சிறுநீர் கலந்திருக்கும்; அதில் நடந்த நாய்க்கும், அதை நக்கிய நாய்க்கும் லெப்டோஸ்பைரோசிஸ் வரலாம். காய்ச்சல், வாந்தி, தசை வலி, பிறகு கண்ணிலும் ஈறிலும் மஞ்சள், சிறுநீரின் நிற மாற்றம் என்று அது கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். இது மனிதருக்கும் தொற்றும் என்பதால் அந்த நாயின் சிறுநீரைக் கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள். அதே மழையில் தோட்டத்துக்கு வரும் தேரையைக் கவ்விவிட்டு, வாயெல்லாம் நுரை தள்ளி வாந்தி எடுக்கும் நாய்களும் உண்டு. அவற்றின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, வாயை ஓடும் நீரில் பல முறை கழுவிவிட்டு அழைத்து வர வேண்டும்.

வயிற்றில் ஒரு குறையும் இல்லாமலே வரும் வாந்திதான் அதிகம் ஏமாற்றுவது. வயதான நாய் முன்னைவிட நிறையத் தண்ணீர் குடித்து, நிறையச் சிறுநீர் கழித்து, இளைத்து, வாயில் ஒரு கெட்ட வாடையோடு வாந்தியும் எடுத்தால், சிறுநீரகங்களைச் சந்தேகிக்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுகளான யூரியாவும் கிரியாட்டினினும் இரத்தத்தில் ஏறியிருக்கும். சர்க்கரை நோய் முற்றினாலும் வாந்தியே முன்னே வரும். கருத்தடை செய்யாத பெண் நாய் ஹீட் எனப்படும் இனச்சேர்க்கைப் பருவம் முடிந்து ஒரு மாதம், இரண்டு மாதத்துக்குள் இதேபோல் தண்ணீர் குடித்து வாந்தி எடுத்தால், கருப்பையில் சீழ் கட்டியிருக்கலாம். சீழ் வெளியே ஒழுகினால் வீட்டார் கண்டுகொள்வார்கள். ஒழுகாமல் உள்ளேயே தேங்குவதுதான் அதிக ஆபத்து. பெண் நாயை வாந்திக்காக அழைத்து வரும்போது, கடைசியாக ஹீட் வந்த தேதியைச் சொல்ல மறக்காதீர்கள். அட்ரீனல் சுரப்பி தேய்ந்துபோகும் அடிசன் நோயும் ஒன்று உண்டு: ட்ரிப்ஸ் ஏற்றினால் நாய் எழுந்து உட்காரும், ஒரு மாதத்தில் மீண்டும் படுக்கும். எத்தனையோ நாய்கள் இதில் ‘வயிறு சென்சிடிவ்’ என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகின்றன. இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்த்தாலே துப்பு கிடைத்துவிடும்.

மூன்று வாரத்துக்கு மேல் நீடித்து, மேற்சொன்ன எதுவும் இல்லை என்றான பிறகே, உணவு ஒவ்வாமை, குடல் அழற்சி, புற்றுக் கட்டி என்ற திசையில் போக வேண்டும். அங்கே முதல் படி உணவுச் சோதனை: நாய் இதுவரை உண்ணாத ஒரே புரதத்தையோ, அதற்கென உள்ள சிறப்பு உணவையோ மட்டும் இரண்டு, மூன்று வாரம் கொடுப்பது. பாட்டி பரிவோடு போடும் ஒரு பிஸ்கட் போதும் இந்தச் சோதனையைக் கெடுக்க. விடியற்காலையில் மட்டும் மஞ்சள் பித்தத்தைக் கக்கிவிட்டு நாள் முழுதும் நன்றாக இருக்கும் நாய்க்கு, இரவு படுக்குமுன் ஒரு கைப்பிடி உணவு கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகும்.

உடனே, இரவானாலும், ஓட வேண்டியது எப்போது என்று கேட்பீர்கள். வயிறு உப்பி இறுகி, ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வெளியே வராமல் எச்சில் மட்டும் ஒழுகினால், ஒரு மணி நேரமும் தாமதிக்கக்கூடாது. கிரேட் டேன், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும். அறுவை இல்லாமல் அது பிழைப்பதில்லை. வாந்தியில் இரத்தம், குடித்த தண்ணீரும் தங்காத நிலை, ஒரே நாளில் நான்கைந்து தடவைக்கு மேல் வாந்தி, வெளுத்த ஈறு, தள்ளாட்டம், விஷம் தின்றதாகச் சந்தேகம், கத்திரி வெயிலில் மூச்சிரைப்போடு வந்த வாந்தி ஆகியவையும் அப்படியே. ஈறை விரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடத்தில் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். ஈறு பிசுபிசுவென்று ஒட்டினால் உடலில் நீர் குறைந்துவிட்டது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் அளவை வைத்து ‘காய்ச்சல்’ என்று பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம்.

இவை எதுவும் இல்லாத, நன்கு வளர்ந்த நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்தால், எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவை மட்டும் நிறுத்தி, தண்ணீரைக் கிண்ணம் நிறைய வைக்காமல் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பிறகு குழைந்த சோற்றோடு தோல் நீக்கிய கோழிக்கறியை, உப்பும் மஞ்சளும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்து, கால் பங்கு அளவில் நான்கைந்து வேளையாகக் கொடுங்கள். ஒரு நாளில் தெளியவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். குட்டிகளையும் சர்க்கரை நோயுள்ள நாய்களையும் இப்படிப் பட்டினி போடக்கூடாது.

உங்கள் லாப்ரடார் இன்று துள்ளிக்கொண்டிருந்தாலும் அது இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இன்றிரவு முதல் மாத்திரையை நிறுத்துங்கள். நாளைக் காலை உணவு கொடுக்காமல் அழைத்துச் செல்லுங்கள். ஸ்கேனுக்கும், தேவைப்பட்டால் மயக்க மருந்துக்கும் அது உதவும். பெரம்பூரிலிருந்து வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தூரமில்லை. 1903இல் தொடங்கிய அந்தக் கல்லூரியில் ஸ்கேன் முதல் அறுவைவரை ஒரே வளாகத்தில் உண்டு. கூட்டம் இருக்கும் என்பதால் காலையிலேயே போய்விடுங்கள். கொட்டை இரைப்பையிலேயே இருந்தால் சில சமயம் எண்டோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிடலாம். குடலுக்கு இறங்கிவிட்டால் அறுவைதான். வாந்தி வந்த தேதிகள், ஒவ்வொன்றும் உணவுக்கு எவ்வளவு நேரம் கழித்து வந்தது, கொடுத்த மாத்திரைகளின் அட்டை, கடைசி வாந்தியின் புகைப்படம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆட்டோவில் ஏற்றும்போது ஓட்டுநர் பயப்படுகிறார் என்று நாயின் வாயைக் கயிற்றால் கட்டிவிடாதீர்கள். வழியில் வாந்தி வந்தால் அது வெளியேற வழியில்லாமல் நுரையீரலுக்குள் போய்விடும். வாரைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.